நீவும் கைகளுக்கு எப்போது காது கேட்காமல் போனது

படுத்த படுக்கையாக இருப்பவரைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றும்போது ஒரு பிசியோதெரபிஸ்ட் எப்படி நிற்கிறார் என்று பாருங்கள். தன் முழங்கால்களால் நோயாளியின் முழங்கால்களுக்கு முட்டுக்கொடுக்கிறார். கைகளை அவருடைய இடுப்புக்குப் பின்னால் கொண்டுபோய்ப் பிடித்துக்கொள்கிறார். நோயாளியின் தாடை தன் தோளில் படியும் அளவுக்குக் குனிந்து, ‘ஒண்ணு, ரெண்டு, மூணு’ என்று எண்ணித் தூக்குகிறார். அந்த நாலைந்து நொடிகள் நோயாளியின் வாய் அவருடைய காதை ஒட்டி இருக்கிறது. ஆனால் ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாது. டாக்டரின் மேசைக்கு எதிரே உட்கார்ந்து கேட்கத் துணியாததை மனிதர்கள் இப்படிப்பட்ட இடங்களில்தான் கேட்டுவிடுகிறார்கள். ‘இனிமே நான் நடந்து என்னம்மா ஆகப்போகுது?’ ‘இன்னும் எத்தனை நாளைக்கு இது?’ ‘என்னால எல்லாருக்கும் தொந்தரவு.’ இதற்குப் பெரும்பாலும் கிடைக்கும் பதிலும் நமக்குத் தெரிந்ததுதான்: ‘அப்படியெல்லாம் பேசக்கூடாது, நேத்து அஞ்சு அடி நடந்தீங்க, இன்னைக்குப் பத்து அடி நடக்கலாம் வாங்க.’ அந்தப் பதிலில் அன்பில்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை. சாவைப் பற்றிக் கேட்டவருக்கு அடிக்கணக்கு சொல்லப்படுகிறது. இதைத் தனிமனிதர்களின் கூச்சம் என்றோ அனுபவக்குறைவு என்றோ தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. இந்தப் பதிலுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. இயன்முறை மருத்துவம் என்ற தொழில் தன் மானத்தைக் காத்துக்கொள்ளவும், பிறகு தன் பயனை நிரூபிக்கவும், கடைசியில் தன் ஊதியத்தைப் பெறவும் எடுத்த முடிவுகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து அந்தக் காதை அடைத்தன என்பதே என் வாதம். அடைத்தது வரலாறு என்றால் அதை எடுக்கவும் முடியும்.

தொடக்கத்தை லண்டனில் 1894-இல் தேட வேண்டும். அதற்கு எண்பது ஆண்டுகளுக்கு முன்பே, 1813-இல், பெர் ஹென்ரிக் லிங் ஸ்டாக்ஹோமில் உடற்பயிற்சிக்கென்று அரசு நிறுவனம் ஒன்றைத் தொடங்கியிருந்தார். அங்கிருந்து கிளம்பிய மருத்துவப் பயிற்சி முறைகள் ஐரோப்பா முழுக்கப் பரவின. ஆனால் இன்று நாம் அறியும் தொழில் அமைப்பாக அது உருவெடுத்தது ஓர் அவதூறுக்கு நடுவில். 1894-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல், லண்டனில் மசாஜ் என்ற பெயர்ப்பலகைக்குப் பின்னால் விபசாரம் நடப்பதாகவும், அரைகுறைப் பயிற்சி கொடுத்து இளம்பெண்களை ஏமாற்றுவதாகவும் எழுதியது. உண்மையாகவே நோயாளிகளுக்கு நீவிவிட்டுப் பிழைத்துவந்த பெண்களின் பெயரும் அதில் சேர்ந்து கெட்டது. அதற்கு மறுமொழியாக லூசி ராபின்சன், ரோசலிண்ட் பேஜட், எலிசபெத் மேன்லி, மார்கரெட் பாமர் என்ற நான்கு பெண்கள் அதே ஆண்டில் பயிற்சிபெற்ற மசாஜ் பெண்களுக்கென ஒரு சங்கம் தொடங்கினார்கள். அவர்கள் போட்ட விதிகளைப் படித்தால் எந்த அச்சத்திலிருந்து அவை பிறந்தன என்பது புரியும். மருத்துவர் சொன்னால் ஒழிய எந்த நோயாளியையும் தொடக்கூடாது. சிறப்பான காரணம் இருந்து மருத்துவரே கேட்டுக்கொண்டால் தவிர ஆண்களுக்கு முழு உடல் மசாஜ் கூடாது. பொதுப் பத்திரிகைகளில் விளம்பரம் கூடாது. நோயாளிகளுக்கு மருந்து விற்கக் கூடாது.

விதிகளைவிடவும் ஆழமாகப் போனது அவர்கள் தேர்ந்தெடுத்த பார்வை. நியூசிலாந்தைச் சேர்ந்த இயன்முறை அறிஞர் டேவிட் நிக்கல்ஸும் ஜூலியான் சீக்கும் 2006-இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை ஒன்றில் இதை விரிவாக எடுத்துக்காட்டினார்கள். அந்நியரின் வெற்றுடம்பைத் தொடும் ஒரு பெண்ணின் மேல் சந்தேகம் விழாமல் இருக்க வேண்டுமானால், அவள் தொடுவது ஒரு மனிதரை என்ற நினைப்பையே முடிந்தவரை பின்னுக்குத் தள்ள வேண்டியிருந்தது. தசை, மூட்டு, நெம்புகோல், அசைவின் கோணம்: உடம்பை ஓர் இயந்திரமாகப் பார்த்தால் அதைத் தொடும் கைக்குக் களங்கம் இல்லை. பாடத்திட்டமும் தேர்வும் உடற்கூறியலை மையமாக வைத்து எழுந்தன. இதற்காக அந்தப் பெண்களைக் குறை சொல்வது அநியாயம். ஓட்டுரிமைகூட இல்லாத காலத்தில், பெண்களுக்கென்று மரியாதையான ஒரு தொழிலை அவர்கள் கட்டி எழுப்பினார்கள். 1920-இல் அரச சாசனமும் பெற்றார்கள். ஆனால் ஒன்றைக் கவனிக்கத் தவறக் கூடாது. அவர்கள் செவிலியராகவும் மருத்துவச்சியாகவும் இருந்து வந்தவர்கள். பேஜட் ஏழைகளின் வீடுவீடாகப் போய்ப் பணிவிடை செய்யும் மாவட்டச் செவிலியர் இயக்கத்தின் முதல் வரிசையில் நின்றவர். பிறப்பின் அலறலும் சாவின் மூச்சிரைப்பும் அவருக்குப் புதிதல்ல. அப்படிப்பட்டவர்கள் தொடங்கிய தொழிலிலிருந்து, தொடப்படுபவரின் அச்சமும் துயரமும் வெளியே நிறுத்தப்பட்டன. மானத்தைக் காக்க அன்று கொடுத்த விலை அது.

அடுத்து வந்தவை போர்கள். 1914 ஆகஸ்டில் அல்மெரிக் பேஜட் என்பவரின் ஏற்பாட்டில் ஐம்பது மசாஜ் பெண்கள் பிரிட்டிஷ் ராணுவ மருத்துவமனைகளுக்கு அனுப்பப்பட்டார்கள். போர் நீள நீள அந்தப் படை பெருகியது. அமெரிக்காவில் 1918-இல் மேரி மக்மில்லன் வால்ட்டர் ரீட் ராணுவ மருத்துவமனையில் பணியேற்றார். இப்படிப் பயிற்றுவிக்கப்பட்ட பெண்களுக்கு அங்கே ‘மறுசீரமைப்பு உதவியாளர்’ என்று பெயர். பெயரிலேயே நோக்கம் இருக்கிறது: சிதைந்ததைச் சீரமைத்து வேலைக்கோ போர்முனைக்கோ திருப்பி அனுப்புவது. போர்களோடு போலியோவும் சேர்ந்துகொண்டது. 1952-இல் மட்டும் அமெரிக்காவில் 57,000-க்கும் மேற்பட்டோருக்கு அந்த நோய் கண்டது. இந்தியாவிலும் 1950-களின் தொடக்கத்தில் பம்பாய் கே.ஈ.எம். மருத்துவமனையில் முதல் பிசியோதெரபி பள்ளி தொடங்கியபோது பின்னணியில் இருந்தது போலியோதான். படைவீரன், கால் சூம்பிய குழந்தை: இந்தத் தொழில் யாருடைய உருவத்தை மனதில் வைத்து வளர்ந்ததோ அவர்கள் இருவருமே வாழ்வின் முன்பாதியில் இருப்பவர்கள். எழுந்து நிற்பதுதான் அவர்களுடைய கதையின் முடிவு. நம் வேலூரிலும் அதே கதையின் மகத்தான வடிவம் ஒன்று நடந்தது. 1954-இல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவ முன்னோடி ஹோவர்ட் ரஸ்க்கிடம் பயின்று திரும்பி, 1966-இல் மறுவாழ்வு மையம் திறக்கக் காரணமானார். வணங்கத்தக்க வாழ்க்கை. ஆயினும் இத்தகைய கதைகளாலேயே நிரம்பிய ஒரு தொழிலில், எழுந்து நிற்கப்போவதில்லை என்று தெரிந்த நோயாளிக்கு இடம் எங்கே? அவர் தோல்வியாகத் தெரிவார். தோல்வியைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொள்வது மனித இயல்பு.

மூன்றாவது படிவு பணம். இதைப் பற்றி மருத்துவர்கள் அதிகம் பேசுவதில்லை. நோயாளிகளுக்குத் தெரியவும் தெரியாது. அமெரிக்காவில் முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேரை எடுத்துக்கொள்வோம். 1982-இல் இயற்றிய சட்டத்தின்படி, ஆறு மாதத்துக்கு மேல் வாழ வாய்ப்பில்லை என்று மருத்துவர்கள் சான்றளித்தவர்களுக்கு ஹாஸ்பிஸ் எனப்படும் கடைசிக்காலப் பராமரிப்பு உரிமையானது. அந்தப் பட்டியலில் பிசியோதெரபியும் இருந்தது. எழுத்தில் இடம் இருந்தது. ஆனால் ஹாஸ்பிஸுக்கு வெளியே, சாதாரணக் காப்பீட்டில், முன்னேற்றம் காட்டாத நோயாளிக்குச் சிகிச்சைக்கான பணம் மறுக்கப்படுவது பல்லாண்டு வழக்கமாக இருந்தது. பார்க்கின்சன் நோயோ மல்டிபிள் ஸ்க்லரோசிஸோ உள்ளவர், இருக்கும் நிலையை விட்டுச் சரியாமல் இருக்கவே சிகிச்சை தேவைப்படுபவர், ‘மேம்பாடு இல்லை’ என்ற ஒற்றை வரியில் வெளியே அனுப்பப்படுவார். இதை எதிர்த்து நடந்த ஜிம்மோ வழக்கு 2013 ஜனவரியில் சமரசத்தில் முடிந்தது. முன்னேற்றம் தெரிய வேண்டும் என்பது நிபந்தனையல்ல, தேர்ந்த கைகளின் தேவை இருக்கிறதா என்பதே அளவுகோல் என்று அப்போதுதான் தெளிவானது. அதற்கு முன் ஒரு தலைமுறை பிசியோதெரபிஸ்ட்டுகள் ஒவ்வொரு வாரமும் நோயாளியின் குறிப்பேட்டில் ஏறுமுகத்தைத் தேடித் தேடி எழுதினார்கள். நேற்றைவிட இன்று அதிகம் என்று எழுதியே பழகிய கைக்கு, ‘எனக்கு இறங்குமுகம் தொடங்கிவிட்டது, பயமாக இருக்கிறது’ என்று ஒருவர் சொல்வதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தெரியாது. எழுத இடமில்லாதது நாளடைவில் காதிலும் விழாமல் போகும். இந்தியாவில் நேரடியாக இதே சட்டம் இல்லைதான். ஆனால் வருகைக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் முறையும், ‘எத்தனை சிட்டிங்கில் சரியாகும்?’ என்ற குடும்பத்தின் முதல் கேள்வியும் ஏறக்குறைய அதே வேலையைச் செய்கின்றன.

இத்தனைக்கும் நடுவில் வேறொரு மரபும் வளர்ந்துகொண்டிருந்தது. சிசிலி சாண்டர்ஸ் இரண்டாம் உலகப்போரின்போது செவிலியராகப் பயின்றவர். முதுகுத்தண்டுக் கோளாறால் அந்த வேலையை விட நேர்ந்தது. மருத்துவமனைச் சமூகப்பணியாளராக மாறிய பின், புற்றுநோயால் இறந்துகொண்டிருந்த டேவிட் டாஸ்மா என்ற போலந்து யூதரைச் சந்தித்தார். நாற்பது வயதில், சொந்தம் பந்தம் யாருமின்றி, தான் வாழ்ந்ததற்கு அடையாளமே இருக்காது என்று கலங்கிய மனிதர். 1948-இல் அவர் இறந்தபோது, சாண்டர்ஸ் கட்ட நினைத்த இல்லத்தில் ஒரு ஜன்னலாக இருக்கட்டும் என்று ஐந்நூறு பவுண்டு விட்டுச்சென்றார். சாண்டர்ஸ் அதன்பின் மருத்துவம் படித்து 1957-இல் மருத்துவரானார். 1967-இல் லண்டன் சிடன்ஹாமில் செயின்ட் கிறிஸ்டஃபர்ஸ் ஹாஸ்பிஸைத் திறந்தார். உடல்வலி, மனவலி, குடும்பம் பணம் பற்றிய வலி, வாழ்வின் பொருள் பற்றிய வலி ஆகிய நான்கும் பிரிக்க முடியாதபடி பின்னிக் கிடப்பதை அவர் ‘முழுவலி’ என்ற கருத்தாக 1960-களில் வகுத்தார். இந்த ஒரு கருத்து 1894-இன் ஏற்பாட்டுக்கு நேர் எதிரானது என்பதே நமக்கு முக்கியம். தோள்மூட்டு எத்தனை பாகை உயர்கிறது என்பதும், பேரனை இனி தூக்க முடியாதே என்பதும் ஒரே வலியின் இரண்டு முனைகள் என்றால், முதல் முனையைப் பிடித்திருப்பவர் இரண்டாவது எனக்குச் சம்பந்தமில்லை என்று சொல்ல முடியாது.

இரண்டு மரபுகளும் சந்தித்த இடத்தையும் ஆண்டையும் ஓரளவு துல்லியமாகச் சொல்லலாம். நியூயார்க் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனையின் ஹெர்பர்ட் டீட்ஸ் 1969-இல் புற்றுநோயாளிகளின் மறுவாழ்வை நான்கு நிலைகளாகப் பிரித்தார்: வருமுன் காப்பது, பழைய நிலைக்கு மீட்பது, குறையோடு வாழத் துணைநிற்பது, கடைசியில் தணிப்பது. நான்காவதைச் சேர்த்ததுதான் பெரிய காரியம். சாகப்போகிறவருக்கும் மறுவாழ்வு என்ற சொல் பொருந்தும் என்று ஒரு மருத்துவர் எழுத்தில் வைத்தார். பிற்பாடு கலிஃபோர்னியாவில் ஹாஸ்பிஸ் நோயாளிகளோடு பணியாற்றிய ரிச்சர்ட் பிரிக்ஸ் என்ற பிசியோதெரபிஸ்ட் இதைத் தன் தொழிலின் மொழிக்குக் கொண்டுவந்தார். அவர் சொன்ன வழிகளில் ஒன்றைத் தமிழில் ‘பின்னோக்கிய மறுவாழ்வு’ என்று சொல்லலாம். வழக்கமான சிகிச்சையில் நோயாளி கட்டிலிலிருந்து நாற்காலி, நாற்காலியிலிருந்து வாக்கர், வாக்கரிலிருந்து கைத்தடி என்று ஏறுகிறார். இங்கே அதே படிகளில் இறங்குகிறார். கைத்தடி போதாமல் வாக்கர் வேண்டியிருக்கும் நாள், வாக்கர் போதாமல் நாற்காலி வேண்டியிருக்கும் நாள், நாற்காலியில் உட்காரவும் முடியாமல் படுக்கையில் புரட்டிப்போட வேண்டிய நாள். ஒவ்வொரு படியிலும் விழாமல், வலிக்காமல், மானம் கெடாமல் இறங்கக் கற்றுக்கொடுப்பதும், தூக்கும் மகளுக்கோ மனைவிக்கோ இடுப்பு ஒடியாமல் தூக்கச் சொல்லிக்கொடுப்பதும் தேர்ந்த கைகளின் வேலை. ஏற்றத்தில் தேவைப்படுவதைவிட இறக்கத்தில் கூடுதல் கைத்திறன் வேண்டும் என்பது மலையேறியவர்கள் அனைவருக்கும் தெரியும்.

இறங்கும் ஒவ்வொரு படியும் ஓர் இழப்பு என்பதால், உணர்ச்சி பீறிடுவதும் அங்கேதான். வாக்கரை முதன்முதல் வீட்டுக்குக் கொண்டுவரும் நாளில் ஒருவர் அழுதால், அந்த அழுகை அலுமினியக் குழாயைப் பற்றியது அல்ல. பிசியோதெரபிஸ்ட் செய்ய வேண்டியது என்ன என்ற கேள்விக்கு இங்கே ஒரு நேரான விடை கிடைக்கிறது. அவர் மனநல ஆலோசகராக வேடம் மாற வேண்டியதில்லை. எந்தப் படியில் இறங்கிக்கொண்டிருக்கிறோம் என்பதை மறைக்காமல், அந்தப் படியைப் பற்றிப் பேசினால் போதும். ‘இதை எடுத்துக்கிறது உங்களுக்குக் கஷ்டமா இருக்குன்னு தெரியுது’ என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டு காத்திருப்பது ஒரு சிகிச்சைச் செயல். ‘இனிமே நடந்து என்ன ஆகப்போகுது?’ என்றவரிடம், ‘நடந்து எங்கே போகணும்னு நினைக்கிறீங்க?’ என்று கேட்டால், பத்து அடி என்ற இலக்கு திடீரென்று வாசல் திண்ணை ஆகிவிடும், அல்லது பூஜை அறை, அல்லது யார் துணையுமின்றிப் போக விரும்பும் கழிப்பறை. கனடாவின் மனநல மருத்துவர் ஹார்வி சோச்சினோவ், கடைசிக்கால நோயாளிகளின் மானவுணர்வைப் பற்றி நெடுங்காலம் ஆராய்ந்து, உங்களை நன்றாகக் கவனித்துக்கொள்ள உங்களைப் பற்றி நான் என்ன தெரிந்துகொள்ள வேண்டும் என்ற பொருளில் ஒரே ஒரு கேள்வியைப் பரிந்துரைத்தார். எந்தப் பட்டமும் இன்றி எவரும் கேட்கக்கூடிய கேள்வி அது. கால்மூட்டை மடக்கி நீட்டிக்கொண்டே கேட்கலாம்.

உணர்ச்சியும் உடம்பும் எவ்வளவு தூரம் ஒன்று என்பதற்கு மூச்சுத்திணறலைவிடத் தெளிவான சான்று இல்லை. நுரையீரல் புற்றுநோயிலோ நாட்பட்ட நுரையீரல் அடைப்பிலோ மூச்சு இழுக்கும்போது வரும் அச்சம், சாவைப் பற்றிய சிந்தனை அன்று. சாவே நெஞ்சில் ஏறி உட்கார்ந்ததுபோன்ற நேரடி அனுபவம். அச்சத்தில் மூச்சு வேகமாகிறது, வேகத்தில் திணறல் கூடுகிறது, திணறல் அச்சத்தைக் கூட்டுகிறது. இந்தச் சுழலை உடைக்கும் கருவிகள் பிசியோதெரபிஸ்ட்டின் பையில் இருக்கின்றன. முன்னுக்குச் சாய்ந்து முழங்கைகளை மேசையில் ஊன்றும் நிலை, உதடு குவித்து மெல்ல ஊதும் மூச்சு, படியேறும்போது மூச்சை எங்கே விடுவது என்ற கணக்கு, கையில் பிடிக்கும் சின்ன மின்விசிறி. கேம்பிரிட்ஜில் ஐம்பது பேரிடம் நடத்தி 2010-இல் வெளியான ஓர் ஆய்வில், அந்தச் சின்ன விசிறியின் காற்றை ஐந்து நிமிடம் முகத்தில் காட்டினால் திணறல் குறைந்தது. காலில் காட்டினால் அந்தப் பலன் இல்லை. 2014-இல் லான்செட் இதழ்க் குடும்பத்தில் வெளிவந்த லண்டன் ஆய்வில், 105 நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு நுரையீரல் மருத்துவம், தணிப்பு மருத்துவம், இயன்முறை, செயல்முறை சிகிச்சை எல்லாம் சேர்ந்த ஒரு சேவை கொடுத்துப் பார்த்தார்கள். அவர்களுக்கு மேம்பட்டது ‘இது என் பிடியில் இருக்கிறது’ என்ற உணர்வு. திணறல் நோயாளிக்கு அதைவிடப் பெரிய ஆறுதல் வேறு எது? பயப்படாதீர்கள் என்று வாயால் சொல்வதைவிட, பயம் வரும்போது முதலில் எதைச் செய்வது என்று உடம்புக்குக் கற்றுக்கொடுப்பது நூறு மடங்கு நேர்மையான பதில்.

உடற்பயிற்சியே எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்ற மறுபக்க மயக்கமும் வேண்டாம். நார்வேயில் இரண்டாண்டுக்குமேல் வாழ வாய்ப்பில்லாத 231 புற்றுநோயாளிகளிடம் நடத்தி 2011-இல் வெளியிட்ட ஆய்வில், எட்டு வாரப் பயிற்சிக்குப் பின் நடைத்திறனும் கைப்பிடி வலுவும் கூடின. ஆனால் ஆய்வின் முதன்மை நோக்கமான உடற்சோர்வு குறையவில்லை. இதைத் தோல்வியாகப் படிக்கிறவர்கள் உண்டு. எனக்கு அது ஓர் எச்சரிக்கையாகத் தெரிகிறது: சோர்ந்து கிடப்பவரிடம், ‘எக்சர்சைஸ் செஞ்சா தெம்பா ஆயிடுவீங்க’ என்று வாக்குக் கொடுக்கும் உரிமை நமக்கு இல்லை. நடை கூடும் என்று சொல்லலாம். அசதி போகும் என்று சொல்ல முடியாது. இந்த வேறுபாட்டை மறைக்காமல் சொல்பவரிடம்தான் நோயாளி அடுத்த கேள்வியைக் கேட்பார்.

இனி மறுப்புகளுக்கு வருகிறேன். முதலாவது, இதெல்லாம் உளவியலாளரின் வேலை, பயிற்சி இல்லாதவர் கைவைத்தால் கெடுதல் ஆகும் என்பது. பாதி நியாயமான மறுப்பு. நீடித்த மனச்சோர்வு, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் ஆகியவற்றை ஒரு பிசியோதெரபிஸ்ட் தனியாகச் சுமக்கக் கூடாது. ‘போய்ச் சேர்ந்தா நல்லாயிருக்கும்’ என்று முதியவர் பெருமூச்சுவிடுவதும், மாத்திரைகளைச் சேர்த்து வைத்திருப்பதாகச் சொல்வதும் ஒன்றல்ல. இரண்டாவதைக் கேட்டால் யாரிடமும் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுக்காமல், நோயாளியிடமே சொல்லிவிட்டு அன்றே மருத்துவரிடம் சேர்க்க வேண்டும். முதலாவதைக் கேட்டாலும் அதன் பின்னால் என்ன இருக்கிறது என்று விசாரிக்காமல் நகரக் கூடாது. ஆனால் கேட்பதும் குணப்படுத்துவதும் வேறு வேறு. நோயாளி தன் அச்சத்தைச் சொல்ல எந்தத் துறையைத் தேர்ந்தெடுக்கிறார் என்பது நம் வசதிப்படி நடப்பதில்லை. அரை மணி நேரம் காலைப் பிடித்துக்கொண்டிருப்பவரிடம் சொல்கிறார். சொன்ன நொடியில் காது கொடுக்காவிட்டால், அடுத்த வாரம் வரப்போகும் நிபுணரிடம் அவர் வாய் திறக்கமாட்டார். நம் நாட்டில் அந்த நிபுணர் வராமலே போகும் வீடுகள்தான் அதிகம்.

இரண்டாவது மறுப்பு வலுவானது, 1894-இன் பக்கத்திலிருந்து வருவது. தொடுதலையும் உணர்ச்சியையும் ஒன்றாக விட்டால், எல்லைகள் மீறப்படும் ஆபத்து திரும்பவும் வராதா? வரும். சாகும் தறுவாயில் இருப்பவர் எளிதில் சார்ந்துவிடுவார். பார்க்க வருபவரும் தன் இழப்புகளைச் சுமந்துகொண்டுதான் வருகிறார். ஆனால் நூற்று முப்பது ஆண்டுகளுக்கு முன் மனிதரை மறைப்பதுதான் ஒரே வழியாக இருந்தது. இன்று வேறு வழிகள் உள்ளன: எங்கே தொடப்போகிறேன் என்று ஒவ்வொரு முறையும் கேட்டுத் தொடுவது, கூடப் பணிபுரிபவர்களிடம் வாரம் ஒருமுறை மனம்விட்டுப் பேசுவது, நோயாளி இறந்தபின் துக்கப்பட நேரம் கொடுப்பது. இவற்றைச் செய்யாத நிறுவனம், ஊழியர்களைப் பேசாமல் இருக்கச் சொல்லித் தன் செலவை மிச்சம் பிடிக்கிறது.

மூன்றாவது நம் வீடுகளுக்கே உரியது. ‘அவருக்கு ஒண்ணும் தெரியாது, நீங்களும் சொல்லிடாதீங்க’ என்று வாசலிலேயே மகன் கையைப் பிடித்துக்கொள்வார். அன்பினால் செய்வது அது. அந்த மகனோடு சண்டைபோடுவதால் யாருக்கும் பயனில்லை. நோயின் பெயரையோ நாள்கணக்கையோ சொல்வது பிசியோதெரபிஸ்ட்டின் வேலையல்ல. ஆனால் பொய் சொல்லவும் அவருக்குக் கடமை கிடையாது. கெட்ட செய்தி சொல்வதற்கு ராபர்ட் பக்மனும் நண்பர்களும் 2000-இல் வகுத்த முறையில், எதையும் சொல்வதற்கு முன் நோயாளிக்கு என்ன தெரியும் என்று கேட்பது ஒரு படி. ‘உங்களுக்கு என்ன தோணுது?’ என்று திருப்பிக் கேட்டால், தெரியாது என்று வீடே நம்பிக்கொண்டிருந்தவருக்கு எவ்வளவு தெரியும் என்பது பலநேரம் வெளிப்படும். தன் உடம்பு படியிறங்குவதை அவரைவிட நன்றாக அறிந்தவர் யார்? அவர் அனுமதித்தால், அதைக் குடும்பத்திடமும் மருத்துவரிடமும் கொண்டுபோகலாம். பாலம் போடும் வேலை இது.

இவையெல்லாம் மேல்நாட்டு மருத்துவமனைகளுக்குச் சரி, நம் ஊருக்கு ஏது என்பவர்களுக்கு, மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தப்பக்கம் நடந்ததைக் காட்ட வேண்டும். மும்பையில் 1986-இல் சாந்தி அவேதனா ஆசிரமம் நாட்டின் முதல் ஹாஸ்பிஸாகத் திறந்தது. 1993-இல் கோழிக்கோட்டில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ்குமாரும் சேர்ந்து வலி மற்றும் தணிப்புச் சிகிச்சைக்கான சங்கத்தைத் தொடங்கினார்கள். அங்கிருந்து வளர்ந்த இயக்கம் கட்டடங்களை நம்பாமல் வீடுகளை நம்பியது. ஆசிரியர்கள், மாணவர்கள், கூலித்தொழிலாளர்கள் குறுகிய காலப் பயிற்சி பெற்று, பக்கத்துத் தெருவில் இறந்துகொண்டிருப்பவரின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்கள். 2008-இல் கேரள அரசு இதற்கெனக் கொள்கையே வெளியிட்டது. பள்ளி ஆசிரியருக்குக் கற்றுக்கொடுக்க முடிந்ததை, நாலரை ஆண்டு உடம்பைப் படித்த ஒரு பட்டதாரிக்குக் கற்றுக்கொடுக்க முடியாது என்பது ஏற்கத்தக்க வாதமல்ல.

தமிழ்நாட்டில் இந்தக் கேள்வி இப்போது புத்தகத்தில் இருப்பதல்ல. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம், ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளோடு பிசியோதெரபியையும், நோய் ஆதரவுச் சிகிச்சை என்ற பெயரில் தணிப்புச் சிகிச்சையையும் சேர்த்தே வீட்டுவாசலுக்குக் கொண்டுவந்தது. லண்டனில் 1894-இல் பிரிந்து, நியூயார்க்கில் 1969-இல் காகிதத்தில் சேர்ந்த இரண்டு மரபுகள், இங்கே ஒரே திட்டத்தின் கீழ் ஒரே வீட்டுக்குள் நுழைகின்றன. வீடு என்பதால் மருத்துவமனையின் திரைச்சீலை இல்லை, பெயர்ப்பலகை மாட்டிய அறை இல்லை. கயிற்றுக்கட்டில், தலைமாட்டில் சொம்புத் தண்ணீர், சுவரில் கல்யாணப் படம். கட்டிலில் படுத்திருப்பவரின் குதிகாலுக்குக் கீழே ஒரு கையும் முழங்காலுக்குக் கீழே ஒரு கையும் கொடுத்து, வந்தவர் மெல்ல மடக்கி நீட்டுகிறார். ஏழாவது முறையில், கூரையைப் பார்த்தபடி, ‘இது போதும்மா, இனிமே எதுக்கு?’ என்று அவர் சொல்கிறார். வந்தவர் எட்டாவது முறையை நிறுத்திவிட்டுக் காலைத் தலையணைமேல் வைக்கிறார். கையை மட்டும் எடுக்கவில்லை. முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, ‘சொல்லுங்கய்யா’ என்கிறார்.